எதிரே உட்கார ஓர் ஆள்

முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, தம் இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார் அற்புதராஜ். எதிரே இருப்பவர் வலக்கண்ணைப் பொத்த வேண்டும். "என்ற மூக்கையே பாருங்க சாமி. பக்கத்தால வெரலு வந்தாச் சொல்லுங்க." இருவருக்கும் நடுவே, காதுப் பக்கமிருந்து அவர் விரல் மெல்ல நகர்ந்து வரும். அவருக்குத் தெரிகிற கணத்தில் எதிராளிக்கும் தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். பிந்தினால் உள்ளறை, அங்கே டாக்டர் படுக்கவைத்து, மருந்து ஊற்றி, கருவியால் கண்ணின் அழுத்தம் பார்ப்பார். ஓரப் பார்வையை வலியில்லாமல் தின்னும் கிளாக்கோமாவுக்கு, அறுபத்து மூன்றாம் வருஷத்திலிருந்து இந்தக் கண் முகாம்களில் முதல் சல்லடை அற்புதராஜ். அளவுகோலும் அவர் கண்தான்.

தொல்லை கொடுப்பது மரியாதை. பரமத்தி வேலூர்ப் பக்கம் எதைக் கேட்டாலும் "ஆமாங்க". விரல் தெரியாமலே "தெரியுதுங்க" என்பார்கள். இல்லையென்றால் கேட்டவர் மனசு நோகுமாம். அதனால் நடுநடுவே விரல் நீட்டாமல் வெறும் முஷ்டியைக் கொண்டுவருவார். அதற்கும் "ஆமாங்க" வந்தால், "ஏனுங்க, வராத விருந்தாளிக்கு எல போடறீங்களே!" என்று சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

பகலெல்லாம் ஒரு முழத் தூரத்தில் முகங்கள். சேலத்தில் வீட்டுக்குத் திரும்பினால், மனைவி மரியபுஷ்பம் இறந்துபோன பிறகு, எதிரே ஆளில்லாத சாப்பாடு. சில மாதங்களாகப் பக்கத்துத் தம்ளரைக் கை தட்டிக் கவிழ்க்கிறது. விளக்கு மங்கல் என்று சொல்லிக்கொள்கிறார். இந்தச் சோதனையை ஒருவர் தனியே செய்துகொள்ள முடியாது. டாக்டரிடம் கேட்கலாம், கேட்டால் இந்த ஸ்டூல் போய்விடும், முகங்களும் போய்விடும்.

அன்று எதிரே வந்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கந்தம்மாள். "வந்துருச்சுங்க" என்றார். அற்புதராஜுக்கு இன்னும் வரவில்லை. மரியாதைதான் என்று முஷ்டியைக் காட்டினார்.

"வெரலக் காணோமுங்க."

மறுபடி விரல். "இப்ப வந்துருச்சுங்க." விரல் அங்கிருப்பதை அற்புதராஜுக்கு அவர் கைதான் சொன்னது, கண் சொல்லவில்லை.

விரலை மடக்கிக் கையை இறக்கினார். "ஆத்தா, இப்ப நீங்க வெரலக் கொண்டாங்க. நாஞ் சொல்றேன்."

"நல்லாக் கெடுத்தீங்க! நானென்ன டாக்டரம்மாங்களா?"

அற்புதராஜ் கண்ணைப் பொத்திக்கொண்டு கந்தம்மாளின் மூக்கையே பார்த்தார்.

"தெரியுதுங்க" என்றார்.

"ஏனுங்க சாமி, நான் இன்னும் மடியில இருந்து கையே எடுக்குலீங்களே!"

வெளியே, காலையிலிருந்து அந்தக் கண்ணை வைத்து அளந்து அவர் 'போகலாம்' என்று அனுப்பியவர்கள் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் வந்துகொண்டிருந்தது. அற்புதராஜ் ஸ்டூலை விட்டு எழுந்து வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார், ஒவ்வொருவராக எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை.