மோர்ப் பந்தலின் அனுமதி அட்டை

தண்ணீர்மலைச் சாலையில் தைப்பூசப் பந்தல் எழுந்ததும் மேல்வீட்டு அக்கா முதலில் அனுமதி அட்டையைத்தான் கம்பத்தில் கட்டுவார். பிளாஸ்டிக் உறைக்குள் அவர் பெயரும் அடையாள எண்ணும், ஓரத்தில் ‘இலவசம்’ என்ற முத்திரையும் இருக்கும். அதன் பிறகுதான் மோர் அண்டாவைத் திறப்பார். தனியாக வாழ்ந்தவர், சிறுநீரகம் பழுதானவர். வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு அவரை அழைத்துப்போக அரசாங்கத்தின் இலவச வேன் எங்கள் அடுக்குமாடிக்கு வரும். தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டியவர், வருஷா வருஷம் ஊருக்கெல்லாம் மோர் ஊற்றினார்.

உணவுக் கடை அனுமதிப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுவது என் அலுவலக வேலை. பொதுமக்களுக்குப் போகும் பட்டியலில் பெயர்களைக் கவனமாக மறைத்தேன். மற்ற அரசு அலுவலகங்களுக்கு முழுப் பட்டியல் போனது. ‘விற்பனையா, இலவசமா’ என்ற பத்தி மட்டும் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் இரண்டு பட்டியல்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

அடுத்த ஆண்டு, வேனுக்குத் தகுதியானவர் யார் என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கணினியிடம் கொடுத்தார்கள். உணவு வியாபாரம் செய்பவருக்கு இலவச வேன் கிடையாது என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது.

“பாத்தீங்களா தம்பி, என்னைய கடக்காரி ஆக்கிட்டாங்க லா,” என்று சிரித்தார்.

“சிஸ்டம் தப்பா இருக்கும்க்கா. அப்பீல் போடுங்க, நானும் பாக்குறேன்,” என்றேன்.

பார்க்கவில்லை. பத்து நிமிட வேலை, அதைச் செய்யவில்லை. அக்கா பஸ்ஸில் போய் வந்தார். முடியாத நாள்களில் போகாமலே இருந்திருக்கிறார். “தம்பிக்கு ஆபீஸ்ல எதுக்குத் தொந்தரவு?” என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். மூன்றாம் மாதம் இறந்துபோனார்.

காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது அந்த அட்டை கிடைத்தது. முத்திரையைப் பார்த்ததும் நான் எடுத்த பத்தி நினைவுக்கு வந்தது; அது இல்லாததால்தான் எங்கள் பட்டியலைப் படித்த கணினி அக்காவை வியாபாரியாக்கியிருந்தது. மறுநாளே அதைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தேன். அக்காவின் பெயருக்கு நேரே ‘இலவசம்’ என்று நானே தட்டினேன். அட்டை இப்போது என் அலுவலக மேசையில் இருக்கிறது. எந்தப் பத்தியை நீக்குவதென்றாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நீக்குகிறேன்.

பட்டியலைத் திருத்திய அடுத்த வாரம், காலையில் கீழே வேனின் ஹாரன் கேட்டது. கணினி அக்காவுக்குத் தகுதி உண்டு என்று முடிவு செய்திருந்தது. அப்போது இன்னும் வீட்டிலேயே இருந்த அட்டையைக் கையில் பிடித்தபடி நான்தான் இறங்கிப் போய், அக்கா இனி வர மாட்டார் என்று வேன் ஓட்டுநரிடம் சொன்னேன்.