என் பாரம் படாத வளையம்

தொண்ணூறுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் மூன்று பேர் பெங்களூரிலிருந்து ராமநகரத்துக்கு பஸ் பிடித்துப் பாறை ஏறப் போவோம். ஏழாவதோடு பள்ளியிலிருந்து தப்பித்து, பீன்யாவில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த நான். மல்லேஸ்வரத்து பேங்க்காரர் ஒருவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண். பலமாகக் காற்றடித்தால் அவளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பாறை உச்சியில் யாரோ என்றோ அடித்த போல்ட்டில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். அதில் கயிற்றைக் கோத்து, கீழே நிற்பவர் மெல்ல மெல்ல விட, நாங்கள் இறங்குவோம். மண் ஒட்டிய கயிறு ஓடி ஓடி இரும்பையே தின்றுவிடும். ஒரு ஞாயிறு நாங்கள் பார்த்த வளையத்தில் என் சுண்டுவிரல் படுத்துத் தூங்குகிற அளவுக்குப் பள்ளம்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்துப் பாறையைச் சுற்றி தடித்த நைலான் நாடா ஒன்றைக் கட்டி, அதன் கொக்கியிலும் கயிற்றை மாட்டிவிடுவோம். வளையம் போனால் கொக்கி பிடிக்கும். அந்தத் துணையோடு குண்டன் முதலில் இறங்க வேண்டும். அவனைத் தாங்கிய வளையம் எவரையும் தாங்கும் என்று, ஒல்லியானவர் கடைசியில் நாடாவைக் கழற்றிக்கொண்டு வெறும் வளையத்தில் இறங்குவார். குண்டன் யார் என்பதற்கு ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

அன்று அவள் நாடாவைக் கட்டினாள். நான் விளிம்பில் தொங்கியதும், கோயில் யானை மாதிரி வளையத்துக்கு ஆசீர்வாதமாக ஒரு தட்டு தட்டினேன். அது வளையல் போலக் குலுங்கியது. சிரித்துக்கொண்டே இறங்கி, கீழே கயிறு பிடித்திருந்த பேங்க்காரரிடம், "லாரி டெஸ்ட் பாஸ் குரு" என்றேன்.

மேலே அவள் கொக்கியில் கை வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தொங்கும்போது வளையம் எப்படிக் குலுங்கும்?

"ஏய், கழட்டாதே! நாடா டைட்டா, லூசா?"

"டைட்டாத்தான் கட்டுனேன் அண்ணா. சேஃப்டிக்கு."

"அப்ப என் வெயிட்டு மொத்தமும் நாடாவுலதாம்மா இருந்துச்சு. வளையம் சும்மா வேடிக்கை பாத்துச்சு!"

அவள் நாடாவைத் தளர்த்தினாள். கயிற்றின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, நானும் பேங்க்காரரும் காலைத் தூக்கித் தொங்கினோம்.

"அண்ணா, வளையம் நிக்குது. போல்ட்டு ஆடுது!"

பேங்க்காரர் அண்ணாந்து கூவினார். "நாடாவ மறுபடி இறுக்கி, அதுலயே இறங்கும்மா. எதையும் கழட்டாதே."

"அய்யோ, அந்தக் கொக்கி எங்கண்ணன் அமெரிக்காவுலருந்து கொண்டு வந்தது சார். விட்டுட்டா வர்றது?"

"அவரு இன்னொரு கொக்கி கொண்டு வருவாரு. தங்கச்சிய எந்தக் கடையில வாங்குவாரு?" என்று கத்தினேன்.

 அவள் நாடாவை இறுக்கிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தாள். பேங்க்காரர் கயிற்றை இன்ச் இன்ச்சாக விட்டார். அவருக்குப் பின்னால் நானும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி வழியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சார், ஆமை மாதிரி இறக்குறீங்க! பஸ்ஸு போயிடும்!"

"திட்டும்மா, நல்லா திட்டு" என்றேன். "கால் தரையில படுற வரைக்கும் திட்டிக்கிட்டே வா."