மோட்டார் ஓரத் தறி

சங்கம்மா என்பது அவள் பெயரல்ல. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் எடுத்துப் புழங்காததால் கடைசிவரை புதுக்கருக்கு அழியாமலே கிடந்தது. நெசவு மில்லில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஒருநாள் காலையில் தொண்டை கட்டிக்கொண்டு, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு நின்றுவிட்டது. இவள் வாசலுக்கு வந்து, "எல்லாரும் வாங்க, நேரமாச்சு" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். நாலு தெரு தள்ளிக் குளித்துக்கொண்டிருந்தவன் தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தான். பக்கத்து மில் ஆட்கள்கூடத் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிப் பாதி வழி வந்துவிட்டார்கள். மில் சுவரிலிருந்த கடிகாரம் பயந்துபோய்ச் சற்று முன்னால் ஓடியது என்றுகூடச் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம்தான். மற்றதெல்லாம் அப்படியே நடந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் சங்கம்மா.

அந்தத் தொண்டை பிறவியில் வந்ததல்ல. மகளுக்காக வளர்த்தது. மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதில் பாதியைக் கொண்டுபோனது. மீதிப் பாதி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. போகப் போக அம்மா குரலை உயர்த்தினாள். மாடிப்படியில் நின்று கூப்பிட்டவள் தெருமுனையில் நின்று கூப்பிடுகிறவள்போலக் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார், பிறகு பஞ்சை வாங்கிக் காதில் அடைத்துக்கொண்டார். ஒருநாள் மகள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா கோவமா இருக்கே?" என்று கேட்டாள். இனி எவ்வளவு கத்தினாலும் போய்ச் சேராது என்று சங்கம்மாவுக்கு அப்போது புரிந்தது. மகளின் தகப்பனிடம் சொல்லலாமென்றால், அவன் வேலை தேடி வெளியூர் போனவன். வேலை கிடைத்ததோ இல்லையோ, திரும்பி வரும் வழியைத் தொலைத்துவிட்டிருந்தான்.

ஆனால் சங்கம்மாவின் கையில் ஒரு வித்தை இருந்தது. தறிக்கொட்டகைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே இடியே விழுந்தாலும் அடுத்தவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். அதனால் நெசவுக்காரிகள் குரலை வெளியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார்கள். உதட்டை அகலமாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள். கழுத்தைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். விரல்களை மடக்கிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. அந்தப் பேச்சிலேயே கல்யாணம் பேசி முடித்தவர்கள் உண்டு, பத்து வருஷப் பகையைத் தொடங்கியவர்களும் உண்டு. சங்கம்மா அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகள் அதைத் தாய்ப்பால் போலக் குடித்தாள்.

வளர்ந்ததும் மகளைத் துணிக்கடையில் விட்டுப் பார்த்தாள். முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. திமிர் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில் சமையலுக்கு விட்டாள். குக்கர் விசிலடித்து ஓய்ந்து அடி கருகும்வரை அவள் பக்கத்திலேயே நின்று நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் போயிற்று. போன இடத்திலெல்லாம் இவள் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. தறிக்கொட்டகையில் மட்டும்தான் எல்லோரும் இவளைப் போல இருந்தார்கள்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஒரு வரிசைத் தறிகளை நிறுத்திப் பழுது பார்த்தால், திரும்ப ஓட்டும் முன் மேஸ்திரி கயிற்றை இழுத்து மணியடிப்பார். அத்தனை இரைச்சலுக்குள்ளும் ஊசிபோல நுழைகிற மணி அது. கேட்டதும் தறிக்குள்ளிருக்கும் கையை எடுத்துவிட வேண்டும். அதனால் காது கேட்காதவர்களை மில்லில் சேர்ப்பதில்லை. சங்கம்மா அதை மறைத்துத்தான் மகளைச் சேர்த்தாள்.

மறைத்ததோடு நிற்கவில்லை. அவளுடைய தறி ஜன்னலோரத்தில் நல்ல காற்றில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு மோட்டார் ஓரத் தறியைக் கேட்டு வாங்கினாள். அந்தத் தறிக்கு யாரும் போகமாட்டார்கள். பெரிய மோட்டார் ஆளின் காதுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுவதுபோல இருக்கும். மேஸ்திரியே வியந்துபோனார்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்றார்.

"ஜன்னல் காத்து எனக்குச் சேரல" என்றாள் சங்கம்மா.

நடைவழிக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, மகளின் தறி. மணி அடித்தால் சங்கம்மா தலையில் கை வைப்பாள். மகள் தறியிலிருந்து கையை எடுத்துவிடுவாள். அடுத்த தறியில் வேலை செய்த நெட்டை என்பவள் இதைப் பார்த்து உதட்டை அசைத்துக் கேட்பாள்: "என்ன சங்கம்மா, எப்பப் பாரு தலையில கைய வெச்சுக்கிறே, வீட்டுல எதாவது முழுகிப் போச்சா?"

"உன் மூஞ்சியப் பாத்தா வேற என்ன செய்யத் தோணும்?"

மகள் அங்கே ராணிபோல இருந்தாள். கொட்டகையின் கோடியில், கண்ணாடி அறைக்குள் மேனேஜர் மேஸ்திரியை எந்த வார்த்தையில் திட்டுகிறார் என்பதை இங்கிருந்தே படித்து நாலு வரிசைக்கும் ஒலிபரப்பு செய்வாள், ஒலி இல்லாமல். ஒருமுறை மேனேஜர் தொலைபேசியில் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதை அவள் சொல்ல, கொட்டகையே குலுங்கியது. அன்றைக்கு நெய்த துணியில் ஒரு இழைகூட நேராக இல்லை என்பார்கள்.

அப்படி ஆறேழு வருஷம் ஓடியது. அதற்குள் மோட்டார் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

முதலில் சங்கம்மாவின் இடது காதில் ஒரு வண்டு குடியேறியது. பிறகு வண்டும் போயிற்று, அதோடு இரண்டு காதும் போயின. தொண்டை மட்டும் இன்னும் பெரிதானது. "வயசாக ஆக சங்கம்மாவுக்கு வாய் நீளுது" என்று தெருவில் சிரித்தார்கள். உள்ளே எல்லோரும் உதட்டால் பேசுகிற இடத்தில் ஒருத்திக்குக் காது போனது யாருக்குத் தெரியும்? அவள் யாருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும்கூட. மணியைக் காதால் கேட்பதை விட்டுக் கண்ணால் பார்க்கத் தொடங்கினாள். வரிசை நின்றால் போதும், மேஸ்திரியின் கை கயிற்றுக்குப் போகிறதா என்று பார்வையை அங்கேயே நட்டுவிடுவாள். தன் தறியில் இழை அறுந்தால் அறுந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டு, திட்டும் வாங்கிக்கொள்வாள்.

அன்றைக்கு மகளின் வரிசை நின்றிருந்தது. மகள் குனிந்து, அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டிருந்தாள். துணிச் சுருள்களை ஏற்றிய தள்ளுவண்டியை யாரோ நடைவழியில் நிறுத்திவிட்டுப் போனார்கள். எப்போதும் நிறுத்துகிற இடம்தான்; அன்றைக்குச் சுருள் கொஞ்சம் உயரம். மேஸ்திரியும் கயிறும் அதன் பின்னால் மறைந்துபோயின. சங்கம்மா எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. வண்டியைத் தள்ளலாமென்று ஓரடி வைத்தாள்.

அப்போது மேலே, தறிகளை ஓட்டும் பெல்ட் ஒரு நடுக்கம் நடுங்கியதைப் பார்த்தாள். மணி அடித்து முடிந்திருந்தது.

கத்தினாள். மில் சங்கையே தோற்கடித்த அந்தக் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. மோட்டார் சத்தத்தை மீறி, கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். யாருக்காகக் கத்தினாளோ அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. கத்தியவளுக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் மகளைத் தோளால் இடித்துத் தள்ளினாள். மகளின் கை வெளியே வந்தது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்கப் பார்த்த சங்கம்மாவின் வலது கை, மகளின் கை இருந்த இடத்துக்குள் போயிற்று.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

கட்டுப்போட்ட கையோடு அவளை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மகள் பக்கத்தில் நின்றாள். நெட்டை சாட்சிக்காக எதிரே நின்றாள்.

"மணி அடிச்சப்ப தறிக்குள்ள கை வெச்சிருந்தது யாரு?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்" என்றாள் சங்கம்மா. "மகளுக்கு ஒத்தாசையா இழை முடிஞ்சு குடுக்கப் போனேன். எனக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல."

மகள் அந்த உதடுகளைப் படித்தாள். அம்மா பொய் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தாள். மேனேஜருக்கும் அதே சந்தேகம். பேசியபடியே எழுந்து, உலாத்துவதுபோல அவர்களுக்குப் பின்னால் போய், ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் போட்டார். நல்ல சத்தம்.

சங்கம்மா அசையவில்லை.

அதே கணத்தில் நெட்டை, ஐயோ பாவம் என்பதுபோல மெல்லத் தன் தலையில் கை வைத்தாள். மகள் சட்டென்று திரும்பினாள்.

"மகளுக்குக் கேக்குது" என்றார் மேனேஜர். "அம்மாவுக்குச் சுத்தமா இல்ல."

மகள் அதையும் படித்தாள். பொய் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் எதிரே நின்று தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்த காது காலியாகக் கிடந்தது என்றும், அது காலியானதே தனக்காகத்தான் என்றும் தெரிந்தது. அவளால் அழவும் முடியவில்லை. அழுதால் விஷயம் வெளியே வந்துவிடும்.

சங்கம்மாவை நிறுத்திவிட்டார்கள். மகள் தப்பினாள்.

மோட்டார் ஓரத் தறிக்கு நெட்டை தானாகவே போனாள். மகளின் காது விஷயம் அவளுக்கு எப்போதோ தெரியும். அந்த வரிசையில் தெரியாதவர்களே இல்லை. சில மாதம் தலையில் கை வைத்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, குரலோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"எனக்கும் காதுல வண்டு கத்துதுடி. என் பேரன் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கான். அவன் பேசறத நான் கேக்கணும்டி."

"சரிக்கா" என்றாள் மகள். வேறென்ன சொல்ல முடியும்.

அடுத்து அந்தத் தறிக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். தன் தறியைத் தவிர எங்கும் பார்க்கத் தெரியாதவள். உதட்டுப் பேச்சே இன்னும் படியவில்லை.

வீட்டில் அம்மாவும் மகளும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுவார்கள். கரண்ட் போனால் பேச்சும் போய்விடும். கீழ்வீட்டுக்காரர் பஞ்சை எடுத்துவிட்டார். அந்த மாடியிலிருந்து இப்போது ஒரு சத்தமும் வருவதில்லை.

"எதிர்ல யாரு?" என்றாள் சங்கம்மா. ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்வி.

"என்னைப் பாக்கறவங்க யாரும் இல்லம்மா."

"அப்ப போகாதே."

"போகாட்டி எங்க போறது?"

சங்கம்மாவின் உதடு திறந்தது. துணிக்கடை, சமையல்வேலை என்று ஏதேதோ அதில் வந்து, வார்த்தையாகாமல் திரும்பிப் போயிற்று. இடது கையால் மகளுக்குத் தலைவாரப் பார்த்தாள். பின்னல் கோணலாக வந்தது.

"நல்லா இருக்கா?"

"அழகா இருக்கும்மா" என்றாள் மகள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வேலை விடும் நேரத்துக்குச் சங்கம்மா மில் வாசலுக்கு எதிரே போய் நிற்பாள். சங்கு ஊதுவது தெரியாது. கதவு திறப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். கூட்டம் வெளியே வரும். எல்லோரும் முகங்களைத் தேடுவார்கள், அவள் கைகளைத் தேடுவாள். மகள் கதவைத் தாண்டியதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டுவாள். யாரோ போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டியதுபோல இருக்கிறது என்று வாசல் காவலாளி தினமும் கேலி செய்வான்.

நேற்று கூட்டம் எல்லாம் போனபிறகும் மகள் வரவில்லை. காவலாளி கதவில் ஒரு பாதியைச் சாத்தினான். சங்கம்மா தெருவைக் கடந்தாள். வண்டிக்காரன் ஒருவன் ஹாரனை அழுத்தி அழுத்தி, கடைசியில் பிரேக் போட்டு, எட்டிப் பார்த்துத் திட்டினான். அவள் திரும்பவில்லை.

மகள் வந்தாள். தறியில் பாவு நூல் தீர்ந்து புதிது ஏற்றியிருக்கிறார்கள், அதனால் தாமதம். கைகளைத் தூக்கினாள். பத்து விரலும் இருந்தன.

சங்கம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் கைகளை மெல்ல இறக்கிவிட்டாள். நாளைக்கும் அவை அந்தத் தறிக்குள்தான் போகவேண்டும்.