திரளி வரும் வரைக்கும்

சிறகுவலைத் தொழிலில் மீன் பிடிப்பது நாலைந்து நாள் வேலைதான்; மற்ற நாளெல்லாம் மீன் ஏன் இன்னும் வரவில்லை என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லுகிற வேலை. மீனோ, சம்பளமோ, சம்பந்தமோ, வராத ஒன்றுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு என்னுடைய பாடு விளங்கும்.

நல்ல இடம்

ஐப்பசி மழை தொடங்கியதும் திரளி மீன் சினையோடு ஆழமில்லாத பரவைக் கடலை விட்டுப் பெருங்கடலுக்குக் கூட்டமாகப் புறப்படும். அது போகிற வழியில் தடி நட்டு, வேலி மாதிரி வலையை நீளக் கட்டி, வேலி முடிகிற இடத்தில் வலை அடைப்பாக ஒரு பட்டி வைப்போம். வேலியில் முட்டிய மீன் அதன் ஓரமாகவே போய்ப் பட்டிக்குள் புகுந்துவிடும். திரும்பி வர அதற்குத் தெரியாது. எந்த இடம் யாருக்கு என்பதை வருஷா வருஷம் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்ப்போம். எனக்கு எப்போதும் பாசி மண்டின மூலைதான். அந்த வருஷம், அதிசயமாக, எங்கள் தீவின் சுருவில் ஊர்க் கரையிலேயே மிக நல்ல இடம் என் பேரில் விழுந்தது.

கரை முழுதும் பொறாமைப்பட்டது. நான் துள்ளினேன். என் கூட்டாளி, நாரந்தனைச் சூசை அண்ணை, மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளும் மீன் வராட்டில் இடத்தை ஏசினம். இனி ஆரை ஏசிறது?"

தவணை

என் மனைவி பாக்கியத்தின் அண்ணருக்குக் கடலில்லாத குருநாகலில் கடை. என்னையும் அங்கே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் கன நாளாகத் திட்டம் போட்டிருந்தார்கள். கந்தசஷ்டிக்கு அவர் ஊருக்கு வந்தபோது விஷயம் தவணைக்கு வந்தது. சஷ்டி முடிவதற்குள் திரளி வந்தால் நான் கரையில் நிற்கலாம். வராவிட்டால் விரதம் முடிக்கிற பாறணை ஆன கையோடு மச்சானுக்குப் பின்னால் ரயில் ஏற வேண்டும்.

நல்ல இடம் கையில் இருக்கிற துணிச்சலில் நான் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. கடலைக் காணாமல் ஒரு மூலையில் இருந்து பருப்பு நிறுக்கிற என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்தத் தொழிலில் அப்படி என்ன விசேஷம் என்று பாக்கியத்திடம் கேட்டுப் பார்த்தேன்.

"பருப்புக்கு ஆரும் தடி நட்டுக் காத்து நிக்கிறேல்லை."

ஆறில்லாத குறை

ஊர்காவற்றுறையில் வேலை பார்த்த உத்தியோகத்தர் ஒருவர் பின்னேரங்களில் சைக்கிளில் எங்கள் கரைக்குக் காற்று வாங்க வருவார். அவர் சொன்னபடி, சீமையில் சமன், அதாவது சால்மன், என்று ஒரு மீன் உண்டாம். நாங்கள் கடையில் தகர ரின்னில் வாங்குகிற அதே மீன். இலையுதிர் காலம் வந்தால் கடலை விட்டு ஆற்றில் ஏறி, அருவிக்கு மேலால் பாய்ந்து, தான் பிறந்த இடத்துக்கே போய்ச் சேருமாம். துரைமார் முழங்கால் தண்ணீரில் நின்று பொழுதுபோக்காகப் பிடிப்பார்களாம். பொழுதுபோக்காக நின்றால் மீன் வருகிறது, பிழைப்புக்காக நின்றால் வருவதில்லை என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அவர் எங்கள் வெறும் பட்டியை எட்டிப் பார்த்தார். தீவு முழுதும் ஒரு ஆறு கூட இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

"உம்மிலை பிழையில்லை. ஆறில்லாத ஊரிலை எந்தப் பக்கம் போறதெண்டு மீனுக்கு என்னெண்டு தெரியும்?"

விரதக்கார வாடிக்கை

சஷ்டி தொடங்கியதும் சைவச் சனம் கரைப் பக்கம் வராது. ஆனால் எங்கள் வாடிக்கைக்காரி வள்ளியம்மை அக்கா மட்டும் நெற்றி நிறையத் திருநீற்றோடு நாள் தவறாமல் வந்தா. மீன் பறியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் அது மீன் வாங்க வந்ததாகாது என்பது அவவின் கணக்கு. கடலைப் பார்ப்பா, பட்டியைப் பார்ப்பா, பெருமூச்சு விடுவா. ஒருநாள் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினா.

"பாறணைக்கு அடுத்த நாளுக்கு எனக்கொரு சினைத் திரளி எடுத்து வையும் தம்பி. முருகனுக்குக் கேளாமல்தான் சொல்லுறன்."

பட்டிக்குள் மச்சான்

சஷ்டி ஐந்தாம் நாள் விடிய, வெயில் கண்ணைக் கூச, பட்டிக்குள் தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம். நானும் சூசை அண்ணையும் விழுந்தடித்து ஓடி வாசல் வலையை இழுத்து மூடினோம். உள்ளே நின்றது மச்சான். தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். சேற்றில் வழி தெரியாமல் வலையைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். மீன் செய்கிற வேலையை ஒன்றும் குறையாமல் செய்து பட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறார்.

கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ எங்களை மறந்து வாசலைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ளை வரலாம், வெளியிலை போக ஏலாது. கடை வாசலையும் இப்பிடித்தான் வைக்கவேணும் மச்சான்."

சூரன் போர்

ஆறாம் நாள் பின்னேரம் ஊர் முழுதும் கோயிலில். கரையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். என்னைச் சூரன் போருக்குக் கூப்பிடவும், பெட்டி கட்டியாகிவிட்டது என்று சொல்லவும் பாக்கியம் வந்தாள். அவள் வாய் திறக்கும்போதே வேலி ஓரத்துத் தண்ணீர் கறுத்தது. பிறகு வெள்ளியாய்க் கொதித்தது. திரளி வந்துவிட்டது.

வாசலை மூட இரண்டு பேர் போதும். ஆனால் திரளி மிரண்டால் வலைக்கு மேலால் பாயும். மேல் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கூப்பிட யாருமில்லை. ஆறு நாள் பாலும் தண்ணீருமாக இருந்தவளிடம் மீன் வலையைப் பிடி என்று எப்படிச் சொல்வது? கண் முன்னால் திரளி ஒவ்வொன்றாகப் பாய்ந்து வெளியே போனது. என் கடலும் அதோடு போகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பாக்கியம் சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள்.

"விரதம் வாய்க்குத்தான், கைக்கில்லை. எங்கை பிடிக்கிறது?"

சூரன் தலை விழுந்து கோயிலில் அரோகரா எழும்பியபோது பட்டி நிறைந்திருந்தது. அதற்குள்ளேயே மீன் உயிரோடு நிற்கும், ஊர் விரதம் முடித்து வரட்டும் என்று விட்டுவிட்டுக் கரை ஏறினோம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பாக்கியம் சேலையைப் பிழிந்துகொண்டு கோயில் பக்கமாகவே பார்த்தபடி நின்றாள். என்ன யோசனை என்று கேட்டேன்.

"உங்களைக் கடைக்கு அனுப்பவெண்டு நேர்ந்துதான் இந்த விரதம் பிடிச்சனான். முருகனுக்கு நான் சொன்னது வடிவா விளங்கேல்லைப் போலை."

அதன் பிறகு எந்த ஐப்பசியில் திரளி பிந்தினாலும் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. பாக்கியம் இந்த முறை என்ன நேர்ந்திருக்கிறாள் என்றுதான் முதலில் விசாரிப்பேன்.