அண்ணன் போட்ட முடிச்சு

என் அண்ணனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'முடிச்சு' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பீங்கான் சாமான் கடையின் பின்னறையில் பார்சல் கட்டுவது அவர் வேலை. இளம் வயதில் போய் உட்கார்ந்தவர், தலை நரைத்த பிறகும் அதே மூலையில்தான் இருக்கிறார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வைக்கோல் திணிப்பார். பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே ஊசி விழுந்த அளவுக்குச் சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி அடுக்குவார். ஆடுகிற சாமான்தான் உடையும், ஆடாமல் இருப்பது எங்கே போனாலும் முழுசாய்ப் போய்ச் சேரும் என்பார். அவருக்கு வேதம் அது ஒன்றுதான்.

அவர் போடும் முடிச்சை அவிழ்த்தவர் கிடையாது. அறுக்கத்தான் வேண்டும். அந்தக் கை கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் மாவுப் பை, குடை, கொடிக்கயிறு, ஊறுகாய் ஜாடியின் துணி என்று எதைத் தொட்டாலும் அவர் கட்டு இருக்கும். அதனால் அண்ணி ஒரு சின்னக் கத்தரிக்கோலை நாடாவில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே நடமாடுவார்.

"ஊர்ல பொம்பளைங்க இடுப்புல சாவிக்கொத்து இருக்கும். எனக்கு வாய்ச்சது இது" என்று சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

அண்ணிக்கு நெடுநாளாய் ஓர் ஆசை. பாய் கட்டிய படகில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஏரிக்கரைப் படகுக் கொட்டகையில் தச்சர். பழுது பார்த்த படகைத் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதும் அவர் பொறுப்புதான். ஆனால் அண்ணனுக்குத் தண்ணீர் என்றாலே பயம், நீச்சலும் தெரியாது. இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவர், ஒரு விடுமுறை நாளில் அண்ணியின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார்.

அன்று காற்று பூப்போல வீசியது. படகு சின்னது, மூன்று பேருக்கு மேல் தாங்காது. காலையில் முதலில் நானும் அண்ணியும் போனோம். என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் சுக்கானையும் மறு கையில் பாயின் கயிற்றையும் பிடித்துக்கொண்டார். படகு ஒரு பக்கம் சாயும்போது அவர் தலையை அசைப்பார். நாங்கள் உயர்ந்த பக்கத்துக்கு நகர்ந்து உட்காருவோம். இந்தப் படகுக்கு ஆள்தான் எடைக்கல், ஆள் நகர்ந்தால்தான் அது நிமிரும் என்று சொல்லிக்கொடுத்தார். அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இங்கும் அங்கும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தார். ஒரு வாத்து எங்களை முந்திக்கொண்டு போயிற்று. எங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை.

கரையில் நின்ற அண்ணனுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. அவர் கண்ணுக்கு அண்ணி பெட்டிக்குள் உருளுகிற தட்டு.

சாப்பிட்டபின் அண்ணனும் அண்ணியும் ஏறினார்கள். மிதவைச் சட்டையை அண்ணிக்கு அண்ணனே மாட்டிவிட்டார். நடுப்பலகையில் உட்காரவைத்து, குனிந்து ஏதோ செய்தார். சாப்பாட்டுப் பையைக் கட்டிவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரோ முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளுகிற மும்முரத்தில் இருந்தார்.

அவரும் ஏறிக்கொள்ள, மூவரும் நடு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளைப் பாய் அசையாமல் நிற்பதுபோல அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. நான் மரத்தடியில் உட்கார்ந்து, இப்படி ஒரு நாளைக் கொடுத்தாயே என்று கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைக்கு மேல் கிளைகள் சலசலத்தன. கண்ணைத் திறந்தேன். காற்று என்னைத் தாண்டித் தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு ஓடியது.

படகு சாய்ந்தது. "எல்லாரும் இந்தப் பக்கம்" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவர் நகர்ந்தார், அண்ணனும் தடுமாறி நகர்ந்தார். அண்ணி நகரவில்லை. எழப் பார்த்தார், எழ முடியவில்லை. சாய்ந்த பக்கத்திலேயே இருந்தார்.

பாய் இருந்த இடத்தில் வெறும் ஏரி. கவிழ்த்த சட்டி மாதிரி படகின் அடிப்புறம் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு தலைகள். ஒன்று என் வீட்டுக்காரர், இன்னொன்று அண்ணன். மூன்றாவது தலைக்காக நான் ஏரி முழுக்கத் தேடினேன்.

தண்ணீர்மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும். "அக்கா எங்க மச்சான்? எந்தப் பக்கம் விழுந்தாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அவ விழமாட்டா மாப்பிள்ள. பலகையோட கட்டியிருக்கேன்."

சொல்லிவிட்டுத்தான் அண்ணனுக்கே புரிந்தது. அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை இன்னும் என் காது மறக்கவில்லை. நீச்சல் தெரியாத மனிதர், தன் மிதவைச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடியில் போனார். வெறுங்கையோடு மேலே வந்தார். "அவிழமாட்டேங்குது" என்றார். மறுபடி போனார், மறுபடி வந்தார். நனைந்த கயிறு ஊறி இறுகிவிட்டதாம். கரையில் நான் கடவுளே கடவுளே என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் படகின் மறுபுறம் ஒரு கை வெளியே நீண்டது. என் வீட்டுக்காரர் பாய்ந்து அதைப் பிடித்து இழுத்தார். அண்ணி வந்தார், நாடாவின் நுனியில் கத்தரிக்கோலும் வந்தது.

வேறொரு படகுக்காரர் அவர்களைக் கரை சேர்த்தார். அண்ணி இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். கவிழ்ந்த படகுக்குள் கொஞ்சம் காற்று இருந்ததாம், கும்மிருட்டாம். எதையும் யோசிக்கவில்லையாம், கை தானாக இடுப்புக்குப் போனதாம்.

"மாவுப் பைய வெட்டுற மாதிரிதான் வெட்டுனேன்" என்றார்.

அண்ணன் அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் விரித்துவைத்து, அவை யாருடையவோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். படகை நிமிர்த்திக் கொண்டுவந்தபோது நடுப்பலகையில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது. அறுந்த கயிறு இரண்டு விரல் நீளம் தொங்கியது. என் வீட்டுக்காரர் அதை உளி வைத்து எடுக்கப் போனார். அண்ணன் தடுத்தார். தானே அவிழ்க்கிறேன் என்று உட்கார்ந்தார். இருட்டும் வரைக்கும் அவிழவில்லை.

அவர் இப்போதும் கடைக்குப் போகிறார், பெட்டி கட்டுகிறார். வீட்டில் மட்டும் எதையும் கட்டுவதில்லை. மாவுப் பை வாய் திறந்து கிடக்கிறது, எறும்பு மொய்க்கிறது. கொடியில் வெள்ளைத் துணி காய்ந்து, காற்றில் நழுவி விழுந்தால் எனக்கு இன்னும் அந்தப் பாய் சாய்ந்ததுதான் தெரிகிறது.

அண்ணி இடுப்பில் கத்தரிக்கோல் அப்படியேதான் தொங்குகிறது. இனி எதற்கு அண்ணி என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. அவரு நிறுத்திட்டாரு, அவரு கை நிறுத்தல. தூக்கத்துல என் துணி ஓரத்தை விரல்ல சுத்திக்கிட்டுத்தான் படுத்திருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.