பவள மணல் மூட்டைகளும் என் நாற்காலியும்

கடலுக்கு அடியில் கேட்பாரில்லாமல் கிடக்கிற மணலைப் பையில் அடைத்து வைத்துக்கொண்டு, அது ஏன் வேண்டும் என்று நாள் முழுக்க விளக்கிச் சொல்கிற தொழில் என்னுடையது. கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும். சரக்குதான் வேறு, பேச்சு கேட்பது ஒன்றுதான்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் எங்கள் மீன் கடை. வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறவர்கள்தான் வாடிக்கை. தொட்டியின் அடியில் பரப்ப இரண்டு விதமான மணல் வைத்திருக்கிறோம். ஒன்று காய்ந்தது. இன்னொன்று ஈரத்தோடு வரும். அதற்குள் அழுக்கைத் தின்னும் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. அதனால் உயிர் மணல் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கு நான் அதிகம் போனதில்லை. இதெல்லாம் மூட்டை தூக்கித் தூக்கிக் காதில் விழுந்தவை. கடையின் கடைசி மூலையில் மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவில் என் நாற்காலி.

முதலாளி சேகரன் ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார். இப்போதெல்லாம் மணலே இல்லாமல் வெறும் கண்ணாடித் தரையோடு தொட்டி வைப்பதுதான் நாகரிகம் என்றார். தீபாவளிக்குள் மணல் ஓடவில்லை என்றால் என் மூலையில் விளக்குகளை அடுக்கிவிடுவார். நான் சாங்கி விமான நிலையத்துக்குப் போய், விமானத்தில் வருகிற மீன் பெட்டிகளை இறக்க வேண்டும். என் முட்டி இருக்கிற இருப்பில் அது நடக்கிற காரியமா? விளக்கு விற்பவன் பிரகாஷ். முன்பு கைத்தொலைபேசி விற்றவன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவன் சட்டையில் 'சீனியர்' என்று ஒரு பட்டை வந்துவிட்டது. என் சட்டையில் என் பெயர்கூட இல்லை. இதை நான் இன்னும் மறக்கவில்லை. சாங்கி பேச்சு வந்த அன்று, அளவு நாடாவோடு வந்து என் மூலையை அளந்துகொண்டே அவன் சொன்னான்: "கவலைப்படாதீங்க அண்ணே, சாங்கியில ஏர்கான் நல்லா இருக்கும் லா."

ஈர மணல்

அந்தக் கெடு விழுந்த பிறகு முதலில் வந்தவர் புக்கிட் பாத்தோக்கில் ஒரு கட்டுமான இடத்தில் சூப்பர்வைசர். தஞ்சாவூர்ப் பக்கம். அவருடைய பெரிய முதலாளி அலுவலகத்தில் தொட்டி வைக்கிறாராம், மணல் வாங்கி வரச் சொல்லி இவரை அனுப்பியிருந்தார். மணல் என்றால் இவருக்குத்தானே தெரியும் என்று நினைத்திருப்பார். வந்தவர் காய்ந்த மணலை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார், ஊதினார், தூசி பறக்கிறதா என்று பார்த்தார். "களிமண் இல்ல, நல்ல மணல்தான். பூச்சுக்கு ஆகும்" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அடுத்து உயிர் மணல் பையைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் தளும்பியது. பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கிருமி, உயிர், அழுக்கு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார், தலையைக்கூட ஆட்டினார். பிறகு என் தோளில் கை வைத்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, தண்ணி ஊத்தின மணலை எடை போட்டு வித்தா எங்க ஊர்ல லாரியையே கொளுத்திருவாங்க. பாத்து இருங்க."

களைந்து போட்டது

பிடோக்கிலிருந்து ஒரு கணவன் மனைவி. கணவர் ஆசையாக உயிர் மணல் வாங்கிப் போனார். கழுவ வேண்டாம், பையைத் திறந்து அப்படியே தொட்டியில் போடுங்கள் என்று வாசல் வரைக்கும் போய்ச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். தண்ணீர் நாறுகிறது, மீன் செத்துவிட்டது என்று அந்த அம்மா ஆரம்பித்தார். முதலாளி கல்லாவில் இருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கணவர் சுவரில் இருந்த மீன் படத்தைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னார். மணலை அரிசிச் சட்டியில் கொட்டி, குழாயடியில் வைத்து, கலங்கல் போகும்வரை களைந்து களைந்து ஊற்றினாராம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் மருந்து ஒன்றே அந்தக் கிருமிகளுக்குப் போதும். இது போதாதென்று கடைசியாக வெந்நீரும் ஊற்றியிருக்கிறார். அழுக்குத் தின்ன இருந்ததையெல்லாம் அழுக்கு என்று நினைத்து ஊற்றிவிட்டீர்களே அம்மா என்றேன். முதலாளி எழுந்து வந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, புதுப் பை ஒன்றைச் சும்மா கொடுத்தார். பையை வாங்கிக்கொண்டு போகும்போது அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "வீட்டுக்கு நாலு பேர் வந்து போறாங்க. கழுவாத மணலைப் போட்டு வச்சா என்னை என்ன நினைப்பாங்க, அங்கிள்?"

தெளிவு பெற்றவர்

கணினி வேலை செய்கிற தம்பி ஒருவர். முதல் தடவை வரும்போது வீட்டுத் தரை ஓட்டின் படம் போனில் இருந்தது. மணல் அந்த நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்றார். அடுத்த தடவை மனைவியை வீடியோவில் கூட்டி வந்தார். மனைவிக்கு என் கையிலிருந்த மணலைக் காட்ட வேண்டும். என் கைரேகைதான் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் நின்றுகொண்டு பதில் சொன்னேன்.

சன்ன மணலா, பரல் மணலா என்பது அவர் சந்தேகம். சன்ன மணல் பார்க்க அழகு, ஆனால் தொட்டிக்குள் அலை அடிக்கிற மோட்டாரைப் போட்டால் பறந்து பவளத்தின் மேல் படியும் என்றேன். பரல் மணல் பறக்காது, ஆனால் இடுக்கில் மீன் கழிவு தங்கும் என்றேன். ஆழமாகப் போட்டால் என்ன ஆகும், மேலாகப் போட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒளித்து விற்பது பிரகாஷின் வழி, எனக்கு அது வராது. தம்பி எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கை குலுக்கினார். முதலாளிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். உங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம்தான் கிளியர் ஆச்சு. மணலே வேணாம், வெறும் கண்ணாடியே போதும்."

போகிற வழியில் பிரகாஷிடம் பெரிய விளக்கு ஒன்று வாங்கினார்.

அசல் சரக்கு

டாக்சி ஓட்டுகிற ஒருவர் கடற்கரை மணலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். வாங்க வரவில்லை, என் மணலும் அவர் மணலும் ஒன்றுதானா என்று கேட்கத்தான் வந்தாராம். கையை விட்டுப் பார்த்தேன். சாத்தே இறைச்சி குத்திச் சுடுகிற குச்சி ஒன்று வந்தது, பிறகு ஒரு பாட்டில் மூடி. கடற்கரையிலிருந்து இப்படி அள்ளி வரக் கூடாது, பவளத்துக்கும் ஆகாது என்றேன். அவர் குச்சியை என் கையிலிருந்து வாங்கி வெளியே போட்டுவிட்டு, பையை முடிந்துகொண்டு சொன்னார்: "இது அசல் கடல் லா அங்கிள். உங்களோடது பாக்கெட் கடல்."

ஆன்ட்டி

இப்படியே போனதில் மூட்டைகள் குறையவில்லை, நாள்தான் குறைந்தது. பிரகாஷ் என் சுவரில் விளக்கு மாட்ட ஆணிகூட அடித்துவிட்டான். அப்போதுதான் மூலைக் காப்பிக்கடையில் கோப்பி கலக்குகிற சீன ஆன்ட்டி உள்ளே வந்தார். சீனர்களின் ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போன பெரியவர்கள் வீட்டுக்கு வருகிற மாதம். தெருவெல்லாம் ஊதுவத்தி எரியும். ஆன்ட்டி நேராக என் காய்ந்த மணலில் கையை விட்டு அளைந்தார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன். எனக்கும் அவருக்கும் தெரிந்த பொது மொழி அதுதான்.

வெள்ளையாக இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது என்றார். எவ்வளவு பெரிய தொட்டி என்று கேட்டேன். தொட்டி இல்லை என்றார். பவளமா, மீன் மட்டுமா என்றேன். அவருக்கு வேண்டியது சாமி மாடத்தில் ஊதுவத்தி நட்டு வைக்கிற சட்டிக்கு மணல். பழைய மணலில் வத்தி சாய்ந்துபோகிறதாம். எனக்குச் சுருக்கென்றது. கடல் எத்தனை காலம் பவளத்தை இடித்து இடித்துச் செய்த மணல் இது, வத்தி குத்தவா? இது மீனுக்கு உள்ளது ஆன்ட்டி என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். கல்லாவிலிருந்து முதலாளி இருமினார். ஆன்ட்டி அசையவில்லை. பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "மீனா? நான் ஸ்டீம் பண்ணித்தான் சாப்பிடுவேன்."

தாத்தா வந்த நாள்

ஆன்ட்டியின் சட்டியில் வத்தி சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றது. காப்பிக்கடை முழுக்க அதைப் பார்த்தது. கோழிச் சோறு விற்பவர் வந்தார், அவருடைய தங்கை வந்தார், பக்கத்து பிளாக்கிலிருந்து இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி வாடிக்கையாளர்களை நான் கண்டதில்லை.

காற்று அடிக்கிற பக்கம் பிரகாஷுக்குத் தெரியும். நான் சாப்பிடப் போன நேரத்தில் என் மூலைக்கு வந்து, விலை கூடியது எதுவோ அதுதான் உயர்ந்தது என்று சொல்லி, மீ நூடுல்ஸ் விற்கிற ஆன்ட்டியிடம் உயிர் மணலைத் தள்ளிவிட்டான். மறுநாள் அவர் சட்டியோடு வந்தார். வத்தி அடிவரை எரியாமல் ஈரத்தில் அணைந்துபோயிருந்தது. சட்டியிலிருந்து வந்த வாடையில் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிரகாஷ் ஆங்கிலத்தில் ஏதோ சமாதானம் சொன்னான். ஆன்ட்டி அவனை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி, அழாத குறையாகச் சொன்னார்: "தாத்தா வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வர்றாரு. மீன் மார்க்கெட்னு நினைச்சுத் திரும்பிப் போயிருப்பாரு லா."

காய்ந்த மணல் ஒரு பை கொடுத்து அனுப்பினேன். சட்டியைக் கழுவியது பிரகாஷ். அதை நின்று பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

கெடு முடிந்தது

தீபாவளி விளக்குகள் சாலையில் ஏறியபோது காய்ந்த மணல் ஒரு பைகூட மிச்சமில்லை. அந்த வாரம் ஒருவர் உண்மையாகவே பவளத் தொட்டிக்கு மணல் கேட்டு வந்தார். அளவெல்லாம் சரியாகச் சொன்னார், காய்ந்த மணல்தான் வேண்டும் என்றும் அவருக்கே தெரிந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி ஒரு மனிதருக்குக் காத்திருந்தேன். சரக்கு இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினேன்.

முதலாளி புதிதாக மணல் வரவழைத்தார். இந்தத் தடவை மூட்டைகள் கடைசி மூலையில் அல்ல, வாசலிலேயே. பின்னால் ஒரு பலகை, அதில் ஊதுவத்திச் சட்டியின் படம். யோசனை பிரகாஷுடையது என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார்; பிரகாஷும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு முதலாளி என் நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிவந்து பலகைக்குப் பக்கத்தில் போட்டார். சாங்கிப் பேச்சு இனி இல்லை என்றார். உட்காரப் போன என்னை ஒரு நிமிடம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, இங்கயே இருங்க, அது போதும். ஆனா பவளம், கிருமி, அலைன்னு மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க, ஆன்ட்டிங்க பயந்து ஓடிருவாங்க."

மீன் வளர்க்கிறவர்களிடம் வாய் வலிக்கப் பேசியும் விற்காத மணலை மீனே வளர்க்காதவர்களுக்கு வாயைத் திறக்காமல் விற்றுக்கொண்டு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அதற்காகப் பிரகாஷை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.