லண்டனில் இருக்கும் அக்கா

2025 நவம்பர் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மேற்கு லண்டனில், தொலைக்காட்சிகளுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். வருடக் கடைசியில் எங்களுக்கு எப்போதும் ஒரே வேலைதான். அந்த வருடம் அமெரிக்காவில் நடந்தது எல்லாவற்றையும் ஐம்பது நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். வந்து குவியும் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது, எத்தனை வினாடி, யார் என்ன பேசுகிறார்கள் என்று குறித்து வைப்பது என் பங்கு.

அந்த வருடத்துக்கு எதற்கும் பஞ்சமில்லை. ஜனவரியில் கலிபோர்னியாவில் வீடு வீடாக எரிந்தது. புதிய ஜனாதிபதி பதவியேற்றார். கோடையில் டெக்சாஸில் வெள்ளம். நடுவில் ஒரு பாடகியின் நிச்சயதார்த்தம், ஒரு விருது விழாவில் யாரோ போட்டு வந்த விசித்திரமான உடுப்பு. என்னோடு வேலை செய்தவர்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு, இது நல்லது, அது போரடிக்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் "கைதுகள்" என்று பெயரிட்ட கோப்பைத் திறக்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

காரணம் என் தம்பி. இரண்டு வருடத்துக்கு முன் எத்தனையோ நாடுகளைச் சுற்றி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டு, வழக்குக்காகக் காத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பான். அக்டோபர் நடுவில் ஒரு செய்தி மட்டும் வந்தது. "அக்கா, கொஞ்ச நாளைக்கு எடுக்க மாட்டன். யோசிக்காதை." அதோடு சரி. அவனுடைய எண் ஆறு வாரமாக உயிரில்லாமல் கிடந்தது.

அம்மா என்னோடு ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார். அமெரிக்காவில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் சொன்னால், "தம்பி தடிச்ச ஜாக்கெட் வாங்கினவனோ?" என்று கேட்பார். "ஓம் அம்மா. அவனுக்கு ஷிப்ட் மாறிப் போச்சு, அதுதான் எடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன். அலுவலகத்திலும் எனக்கு அங்கே ஒரு தம்பி இருப்பது யாருக்கும் தெரியாது. வாய் திறந்து சொன்னால் அதுவே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் கோப்பைத் திறந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ காட்சி. நீளம் பதினொரு வினாடி. குடிவரவு நீதிமன்றக் கட்டடத்தின் நடைபாதை. முகத்தை மூடிய இரண்டு அதிகாரிகள், கைகள் பின்னால் பூட்டப்பட்ட ஓர் ஆளை நடத்திக்கொண்டு போகிறார்கள். கம்பளித் தொப்பி, காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தது. முகத்தில் பாதியை ஓர் அதிகாரியின் தோள் மறைத்தது. அந்த ஆள் கமராவைப் பார்த்துத் திரும்பி ஏதோ கத்துகிறார். பக்கத்தில் யாரோ எழுதியிருந்த குறிப்பு: "வேற்று மொழி, விளங்கவில்லை."

காதில் ஹெட்போனை இறுக்கி, சத்தத்தைக் கூட்டினேன். ஆங்கிலம், ஸ்பானிய மொழி, காலடிச் சத்தம், கதவு அடிபடுகிற சத்தம். அதற்குள்ளே இருந்து வந்தது.

"...லண்டனிலை இருக்கிற என்ர அக்காட்டைச் சொல்லுங்கோ..."

திரும்பப் போட்டேன். திரும்பவும் போட்டேன். இருபது தடவையாவது போட்டிருப்பேன். உயரம் அவன்தான். தோளைக் கொஞ்சம் சரித்து நடப்பதும் அவன்தான். குரல்? எட்டு வருடமாக அவனை நேரில் காணவில்லை. தொலைபேசியில் மெதுவாகப் பேசுகிறவன் கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தத் தம்பியின் குரலை இது என்று அடித்துச் சொல்ல முடியாமல் இருந்ததே, அது அந்தப் பயத்தை விடக் கொடுமையாக இருந்தது.

கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அவனுடைய எண்ணை அடித்தேன். இன்னும் உயிரில்லாமல்தான் கிடந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால், எங்கள் தயாரிப்பாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய ஆங்கிலேயர், அதிகம் பேசாதவர். நல்ல அழுத்தமான காட்சி, இடைவேளைக்கு முன்னால் போடலாம் என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்தது. "அவர் தமிழில் பேசுகிறார். அது என் தம்பியாக இருக்கலாம்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் விசா இருக்கிறதா, எப்படிப் போனான், ஒன்றுமே இல்லை. தன் மேசைக்குப் போய் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். அந்தக் காட்சியை எடுத்த பெண்ணின் எண். "அங்கே இப்போது காலை பத்து மணி. என் அறைக்குள் இருந்து பேசுங்கள்" என்று கதவைத் திறந்து விட்டார்.

அந்த ஒளிப்பதிவாளர் முதல் மணியிலேயே எடுத்தார். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த மனிதரை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். நாங்கள் வாங்கியது வெட்டிய துண்டுதான், முழுப்பதிவு தன்னிடம் இருக்கிறது, முகம் அதில் தெளிவாகத் தெரியும், உடனே அனுப்புகிறேன் என்றார்.

பெரிய கோப்பு. இறங்க நாற்பது நிமிடம் எடுத்தது. திரையில் ஒரு நீலக் கோடு ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாக ஒத்திகை பார்த்தேன். அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்தில் என்ன நடக்கும், யார் காத்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்தேன். நான் சாமி அறைப்பக்கம் அதிகம் போகாதவள். அன்றைக்கு விம்பிள்டன் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன்.

கோப்பு திறந்தது. லிஃப்ட் கதவு விலகுகிறது. அதே தொப்பி, அதே ஆள். முகம் முழுதாகக் கமராவுக்கு நேரே.

தம்பி இல்லை.

நாற்பத்தைந்து வயதிருக்கும் யாரோ ஒருவர். நரைத்த தாடி. கழுத்தில் சின்னச் சிலுவை. நான் சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். கண்ணாடிக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்திப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்த மனிதர் திரையில் கத்திக்கொண்டிருந்தார். ஆரும் தமிழ் ஆக்கள் இதைப் பார்த்தால் லண்டனிலை இருக்கிற என்ர அக்காட்டைச் சொல்லுங்கோ, என்னைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு சொல்லுங்கோ. அக்காவின் பெயரைச் சொன்னார். அந்த அக்கா போகிற மாதா கோயிலைச் சொன்னார். எல்லாம் என் காதில் விழுந்தது. கோப்பை மூடினேன். தயாரிப்பாளரிடம் போய், அது என் தம்பி இல்லை என்று சொன்னேன். நேரத்தோடு வீட்டுக்குப் போய், அம்மாவுக்குப் பிடித்த மாதிரிப் புட்டு அவித்து, மாம்பழம் வெட்டிக் கொடுத்தேன்.

நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும். புதன் முழுக்க அந்த மனிதரை நான் நினைக்கவில்லை. வியாழனும் நினைக்கவில்லை. விருது விழாக் காட்சிகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அமெரிக்க ஒளிப்பதிவாளர் போன் எடுத்தார். உங்கள் தம்பிதானா என்று கேட்டார். இல்லை, கடவுளே என்று இல்லை என்றேன், அதே சந்தோஷத்தோடு. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்படியென்றால் அவர் என்ன சொன்னார்? என்னைப் பார்த்துத்தான் கத்தினார். எனக்கு விளங்கவில்லை. ஐந்து வாரமாக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறேன்."

மொழிபெயர்க்கத் தொடங்கினேன். "லண்டனில் இருக்கும் என் அக்காவிடம்" என்பது வரைக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை. மொழி தெரியாத ஒரு பெண் ஐந்து வாரம் சுமந்துகொண்டு திரிந்ததை, மொழி தெரிந்த நான் மூன்று நாள் மூடி வைத்துவிட்டு மாம்பழம் வெட்டியிருக்கிறேன். அவர் பொறுமையாக, நான் அழுது முடியும் வரைக்கும் போனை வைக்காமல் இருந்தார். பிறகு, மிச்சத்தையும் கேட்டுவிட்டு, கைது நடந்த நாளையும் கட்டடத்தையும் எழுதி அனுப்புவதாகவும், வழக்கறிஞருக்குத் தேவையென்றால் தான் சாட்சி சொல்வதாகவும் சொன்னார்.

அன்றே அந்த மனிதர் சொன்ன கோயிலின் எண்ணைத் தேடி எடுத்தேன். அங்கே தமிழ்ப் பூசை வைக்கும் கத்தோலிக்கச் சாமியார்தான் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார். "போனிலை பேர் ஒண்டும் சொல்லாதேங்கோ. நாளைக்கு நேரை வாங்கோ. அவவையும் கூப்பிட்டு வைக்கிறன்."

சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேனில் ரயில் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறிப் போனேன். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனேன். எதிரில் இருந்த எல்லாரும் அதையே பார்ப்பது போல இருந்தது. போய்ச் சொன்னவுடன் அந்த மனிதரின் அக்கா மயங்கி விழுந்தால்? இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால்?

கோயில் மண்டபத்தில் சாமியாரோடு அந்த அக்கா இருந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை. சீருடையை மாற்றாமல் நேரே ஷிப்டில் இருந்து வந்திருந்தார். தம்பியைக் காணவில்லை என்று தெரியும், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. தேடிப் போனால் தம்பிக்கே வினையாகுமோ என்று பயந்து யாரிடமும் முறையிடவில்லை. நான் காட்சியை ஓட விட்டேன். அவர் அழவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்து, விரலால் அந்தத் தாடியைத் தொட்டார்.

"மெலிஞ்சு போட்டான்" என்றார். பிறகு, "இன்னொருக்காப் போடுங்கோ, தங்கச்சி" என்றார்.

எட்டுத் தடவை போட்டேன். கடைசித் தடவை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு நாங்கள் ஆரெண்டே தெரியாது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள்" என்றார். அந்த நன்றியை என்னால் வாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். இவர் இல்லை என்று கண்டதும் சிரித்ததையும் சொன்னேன். சாமியார் நிலத்தைப் பார்த்தார்.

அந்த அக்கா என் கையை விடவில்லை. "இது என்ர தம்பி இல்லை, உங்கட தம்பி எண்டு தெரிய வந்திருந்தால் நானும் சிரிச்சிருப்பன்" என்றார். "உங்கட தம்பிக்கும் ஒரு செபம் சொல்லுவம்."

அந்த ஒளிப்பதிவாளர் எழுதி அனுப்பிய விவரத்தை வைத்து, அமெரிக்காவில் உள்ள ஒரு வழக்கறிஞர் பத்து நாளில் அந்த மனிதரைக் கண்டுபிடித்தார். தெற்கே ஒரு மாநிலத்தில், தடுப்பு முகாமில் இருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். வழக்கு நடக்கிறது. வாரம் ஒருமுறை அக்காவோடு பேச விடுகிறார்கள். அந்தக் காட்சி எங்கள் நிகழ்ச்சியில் வரவில்லை. நான் கேட்பதற்கு முன்னமே தயாரிப்பாளர் அதை நீக்கிவிட்டிருந்தார். என் தம்பி கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் யாருடைய போனில் இருந்தோ எடுத்தான். ஒரு சிநேகிதனின் நிலவறையில் ஒளிந்திருந்திருக்கிறான். போனை வைத்துத் தேடிப் பிடிப்பார்கள் என்று பயந்து எறிந்துவிட்டானாம். அம்மா அவனிடம் ஜாக்கெட் வாங்கினாயா என்றுதான் கேட்டார். அவனுடைய வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வருகிற நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

ஆனாலும், செய்தியில் யாரையாவது இழுத்துக்கொண்டு போவதைக் காட்டும்போதெல்லாம் முகத்தைத் தேடிப் பார்த்து, எங்கள் ஆள் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் இருந்து நிம்மதியாக ஒரு மூச்சு வருகிறதே, இப்போது நான் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயப்படுவது அந்த மூச்சுக்குத்தான்.